நாக்குல வலியே இல்லாத சின்ன கட்டி, கேன்சர் மாதிரி இல்லன்னு டாக்டரே சொல்றாரு, அப்புறம் எதுக்கு பயாப்சி?

இதே கேள்வியை நானும் டாக்டர்கிட்ட கேட்டிருக்கேன், கொஞ்சம் கோவமாவே கேட்டேன்.

எனக்கு நாக்கு மேல வலது பக்கமா பட்டாணி சைஸ்ல ஒரு மேடு. வலி இல்ல, புண் இல்ல, பல்லுல உரசுனா மட்டும் ஏதோ இருக்குன்னு தெரியும், அதனால மாசக்கணக்கா கண்டுக்காம விட்டுட்டேன். சொத்தைப் பல்லுக்காக போனப்ப பல் டாக்டர் அதை விரலால அமுக்கிப் பாத்துட்டு "கெட்டியா இருக்கு, மேலோட்டமா இல்ல, உள்ள இருந்து வருது"ன்னாங்க. என்ன கட்டின்னு பேர் சொல்லல. சொல்லவும் முடியாதுங்க. கடிபட்டு கடிபட்டு வர்ற ஃபைப்ரோமா, நரம்பு உறையில வர்ற ஷ்வானோமா ரெண்டுமே வெளிய இருந்து பாத்தா வழவழன்னு ஒரு உருண்டைதான். கொழுப்புக்கட்டின்னா லேசா மஞ்சள் தட்டும், ரத்தக்குழாய் கட்டி பெரும்பாலும் கண்ணாடித் துண்டை வச்சு அமுக்குனா வெளுக்கும் (அதுல எடுத்தவுடனே கத்தி வைக்க மாட்டாங்க, முதல்ல ஸ்கேன்). கண்ணால பாத்து சொல்றது அவ்ளோதான்.

சரின்னு மரத்துப்போக ஊசி போட்டு துளியூண்டு சதை எடுத்து ஃபார்மலின் பாட்டில்ல போட்டு அனுப்புனாங்க. ரிப்போர்ட்ல "ஸ்குவாமஸ் செல் கேன்சராக இருக்கலாம், இன்னும் ஆழமாக எடுத்து அனுப்பவும்"னு இருந்துச்சு. அந்த ரெண்டாவது வரி என் கண்ணுல படவே இல்ல, முதல் வரியோட தூக்கம் போச்சு.

ரெண்டாவது தடவை கட்டியை முழுசா, சுத்தி கொஞ்சம் நல்ல சதையோட சேத்து எடுத்தாங்க. வந்த பேரு கிரானுலர் செல் ட்யூமர். அபூர்வமானது, ஆனா வாய்க்குள்ள வந்தா நாக்குதான் அதுக்கு ரொம்பப் புடிச்ச இடம், கிட்டத்தட்ட எல்லாமே சாதுவான கட்டிதான். அதோட குறும்பு என்னன்னா, அது கீழ உக்காந்துகிட்டு மேல இருக்கற தோலை விரல் விரலா உள்நோக்கி வளர வைக்கும், மைக்ராஸ்கோப்புல அந்த விரலை மட்டும் பாத்தா அசல் கேன்சர் மாதிரியே தெரியும். என்கிட்ட முதல்ல எடுத்தது மேலாக்க மட்டும், நிஜ ஆளு அந்தத் துண்டுல இல்லவே இல்ல. ஆழமா எடுத்ததுலதான் பொடிப்பொடியா துகள் நிறைஞ்ச பெரிய செல்லுங்க இருந்துச்சு, எஸ் 100னு ஒரு ஸ்டெயின் (செல் எந்த வகைன்னு காட்டற சாயம்) போட்டதும் ப்ரவுனா ஏறிடுச்சாம், அப்படின்னா நரம்பு உறை வகையறா. 1926ல இதை விவரிச்ச ரஷ்ய பத்தாலஜிஸ்ட் (சதையை மைக்ராஸ்கோப்புல பாத்து நோயைச் சொல்ற டாக்டர்) அப்ரிகோசாஃபே தசையில இருந்து வருதுன்னுதான் நெனச்சாரு, அப்ப நம்ம டாக்டர் கண்ணால பாத்து சொல்லலன்னு கோவிச்சு என்ன பண்றது?

அதனால பயாப்சி வேணாம்னு சொல்லாதீங்க, ஆனா "எவ்ளோ ஆழம் எடுப்பீங்க, கட்டி சின்னதுதானே, முழுசாவே எடுத்துடலாமா"ன்னு கேளுங்க. ரிப்போர்ட் பயமுறுத்துனா பெரிய ஆபரேஷனுக்கு ஒத்துக்கறதுக்கு முன்னாடி அதே ஸ்லைடை வாய் நோய் பாக்கற பத்தாலஜிஸ்ட் ஒருத்தர்கிட்ட காட்டுங்க. அதுக்காக தள்ளிப்போட்டுட்டே இருக்காதீங்க, முக்கியமா கட்டி மேல புண்ணு வந்து ரெண்டு வாரத்துல ஆறலன்னா.

இந்தக் கட்டியைச் சுத்தி தனியா மூடுன மாதிரி உறை கிடையாது, ஓரத்துல மிச்சம் இருந்தா திரும்ப வரலாம், அதான் இன்னமும் அப்பப்ப போய் நாக்கை நீட்டிட்டு வரேன்.