ஐ.சி.யு.வில் கில்லாடி, ஓ.பி.யில் ஊமை

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் 9 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். புதிதாக வரும் பயிற்சி டாக்டர்கள்கூட நடு ராத்திரியில் என்னிடம் வந்து, ‘சிஸ்டர், இதுக்கு என்ன பண்ணலாம்?’ என்று கேட்பார்கள். இப்போது நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பரிசோதித்து, என்ன நோய் என்று முடிவும் சொல்லும் நர்ஸ்) முதுகலைப் படிப்பில் சேர்ந்து இரண்டாம் பருவம் நடக்கிறது. புறநோயாளிப் பிரிவில் போஸ்டிங். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து விவரம் சொன்னால், பிரிசெப்டர் (கூட இருந்து பயிற்சி தரும் ஆசிரியர்) ‘சரி, நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்கிறார். வாயடைத்து நிற்கிறேன். இந்த லட்சணத்தில் ‘என் தொழில்முறை வளர்ச்சி’ என்று வாராவாரம் குறிப்பேடு வேறு எழுதித் தர வேண்டும். வளர்ந்தால்தானே எழுத? இருந்த நல்ல வேலையை விட்டுத் தப்பு செய்துவிட்டேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதே படிப்பில் நான் சேர்ந்தபோது எனக்கு 38 வயது. முதல் வாரம் ஒரு நோயாளியின் கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். நாடித் துடிப்பு, பழைய ஆபரேஷன், அம்மாவுக்கு இருந்த சர்க்கரை வியாதி, எதையும் விடவில்லை. ‘உங்க முடிவு என்ன?’ என்றார் பிரிசெப்டர். ‘டாக்டர் வந்து பார்க்கணும் மேடம்’ என்றேன். அவர் சிரித்தபடி, ‘நாளைக்கு அந்த நாற்காலியில நீங்கதான் உட்காரப் போறீங்க’ என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் மக்காகிவிடவில்லை. உங்களிடம் கேட்கப்படும் கேள்விதான் மாறியிருக்கிறது. ஐ.சி.யு.வில் நோயாளி வரும்போதே பெரும்பாலும் நோய்க்கு ஒரு பெயர் வைத்து அனுப்பியிருப்பார்கள். மானிட்டர் நொடிக்கு நொடி எண்களைக் காட்டும். அதில் எது சரியில்லை என்று மற்றவர்களுக்கு முன்னால் மோப்பம் பிடிப்பதில் நீங்கள் கெட்டிக்காரி. ஓ.பி.யில் ஒருவர் ‘தலை சுத்துது’ என்ற இரண்டு வார்த்தையோடு வந்து உட்காருகிறார். நர்ஸாக இருந்தபோது பிரஷரும் சர்க்கரையும் பார்த்து டாக்டரிடம் சொன்னால் உங்கள் பங்கு முடிந்தது. இப்போது அங்கிருந்துதான் ஆரம்பமே. எழுந்து நிற்கும்போது சுற்றுகிறதா, படுக்கையில் புரளும்போதா? சமீபத்தில் மாத்திரை மாற்றினார்களா? மலம் கறுப்பாகப் போகிறதா? படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பிரஷர் பார்த்து, மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு, ‘இது இன்னதாக இருக்கலாம், அதைவிட ஆபத்தான இன்னொன்று இல்லை என்று இதை வைத்துச் சொல்கிறேன்’ என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதற்கு நீங்களே பொறுப்பு. வாயடைப்பது அந்தப் பொறுப்பின் கனத்தால்தான்.

பாட்ரீசியா பென்னரை வகுப்பில் படித்திருப்பீர்கள். செஸ் ஆட்டக்காரர்களையும் விமானிகளையும் வைத்து டிரைஃபஸ் சகோதரர்கள் வகுத்த திறன் நிலைகளை, 1984-ல் வெளியான நூலில் நர்ஸ்களுக்குப் பொருத்திக் காட்டியவர். கற்றுக்குட்டியில் தொடங்கி நிபுணர் வரை 5 நிலைகள். தேர்வுக்காக இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்பவர்கள் ஒன்றை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: எந்த நர்ஸும், பழக்கமில்லாத நோயாளிகள் உள்ள இடத்துக்குப் போனால் அங்கே கற்றுக்குட்டி நிலையில் இருக்கக்கூடும் என்று பென்னரே சொல்லியிருக்கிறார். அந்தப் பிரிவில் நிபுணர், இந்தப் பிரிவில் கற்றுக்குட்டி. இரண்டும் ஒரே ஆளாக இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி நேரத்தை 2022-ல் குறைந்தது 750 மணி என்று உயர்த்தினார்கள். அதற்கு முன் 500. அனுபவமுள்ள நர்ஸ்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

இனி குறிப்பேடு. உங்கள் எரிச்சல் நியாயமானது. ‘இன்று நிறையக் கற்றேன், தன்னம்பிக்கை பெற்றேன்’ என்று எழுதுவதைவிட அந்த நேரத்தில் தூங்கலாம். நான் சொல்வதை ஒரு மாதம் செய்து பாருங்கள். நோயாளியைப் பார்த்து முடித்ததும், பிரிசெப்டரிடம் போவதற்கு முன்பே, ஒரு துண்டுத் தாளில் மூன்றே வரி: என்ன நோய் என்று நினைக்கிறேன், எதை வைத்து, வேறு என்னவாக இருந்தால் ஆபத்து. பெயர், படுக்கை எண் எதுவும் வேண்டாம். ராத்திரி அதன் கீழே, கடைசியில் என்ன ஆனது என்று எழுதுங்கள்.

முன்பே எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விடை தெரிந்தபின் நம் மனசு ‘நானும் அதைத்தானே நினைத்தேன்’ என்று சாதிக்கும். அல்லது உங்களைப்போல, ‘எனக்கு எதுவுமே தோன்றவில்லை’ என்று புலம்பும். இரண்டுமே பொய் சாட்சி. தாளில் இருப்பதுதான் நிஜம். என் பழைய தாள்களைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது: நோயை நான் பெரும்பாலும் சரியாகத்தான் ஊகித்திருந்தேன், ‘எதை வைத்து’ என்ற வரிதான் காலியாகக் கிடந்தது. வருடக்கணக்கான அனுபவம் உள்ளே விடையைச் சொல்லிவிடுகிறது; காரணம் சொல்லப் பழக்கம் இல்லை. உங்களுக்கும் அப்படித்தானா, வேறு மாதிரியா என்பதை உங்கள் தாள்தான் சொல்லும்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே பிரிசெப்டரிடம் பேசுங்கள். அவர் கேட்பதற்கு முன்பே, ‘நான் இதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன், இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம்’ என்று தொடங்கிவிடுங்கள். தெரியாததை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், அது விசாரணையாக இல்லாமல் பேச்சாக மாறிவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். ‘என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்டுக் காத்திருப்பவர் நல்ல ஆசிரியர். நோயாளிகள் முன்னால் அவமானப்படுத்துபவர் வேறு ரகம். அப்படி நடந்தால் குறிப்பேட்டில் எழுதி ஆற்றிக்கொள்ள வேண்டாம், படிப்பின் பொறுப்பாளரிடம் நேராகப் போய்ச் சொல்லி இடத்தை மாற்றிக் கேளுங்கள்.

தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டீர்கள். இரண்டாம் பருவத்தில் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. முடிவெடுக்கும் பொறுப்பே எனக்கு வேண்டாம், படுக்கை அருகே செய்யும் வேலைதான் பிடிக்கிறது என்று நாளைக்குத் தோன்றினால், திரும்பிப் போவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முடிவை வாயடைத்துப்போன ஒரு நாளின் சாயங்காலம் எடுக்காதீர்கள். முப்பது தாள் சேரட்டும். முதல் தாளையும் முப்பதாவது தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வாரக் குறிப்பேட்டுக்கு, அந்த ‘தலை சுத்துது’ மாதிரி ஒரு நோயாளியிடமிருந்தே தொடங்குங்கள். ‘வளர்ச்சி’ என்ற சொல்லைத் தலைப்பில் மட்டும் போட்டால் போதும்.