தினமும் ஓட்டும் காருக்குக் கழுவிப் போடும் பெர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர் வாங்கலாமா? பிக்கப்பும் மைலேஜும் கூடுமா?

நீங்கள் சென்னையில் தினமும் முப்பது நாற்பது கிலோமீட்டர் டிராஃபிக்கில் ஆபீஸ் போய் வருகிறவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: வேண்டாம். கம்பெனி காகித ஃபில்டரே போதும். இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், 2019 ஜூனில் இந்த ஃபில்டரால் என் வண்டி கத்திப்பாரா மேம்பாலம் ஏற முடியாமல் திணறியது. ஒரு சர்வீஸ் சென்டரில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது என்று சொல்லி 54,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

முதலில் இந்த ஃபில்டர் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பருத்தி வலைத்துணியை நாலைந்து அடுக்காக மடித்து, இரண்டு பக்கமும் அலுமினியக் கம்பி வலை வைத்து, மேலே பிசுபிசுப்பான எண்ணெய் விட்டிருப்பார்கள். துணியின் துளைகள் பெரியவை, அதனால் காற்று தாராளமாகப் போகும். தூசியைப் பிடிக்கிற வேலை பாதி அந்த எண்ணெயுடையது. அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய கே அண்ட் என்தான் இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நான் வாங்கியது வேறு பிராண்டு, அதன் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் கழுவிப் போடுவது ஒன்றும் புதுச் சமாச்சாரம் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் அப்பா ஓட்டிய டிராக்டரில் எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஏர் கிளீனர்தான். உழவு நாட்களில் வாராவாரம் அந்தக் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் களியாகப் படிந்த மண்ணை வழித்துப் போட்டு, புது எண்ணெய் ஊற்றுவார். ஒரு வாரம்கூடத் தவறவிட மாட்டார். எனக்கு அந்தக் கை இருக்கும் என்று நம்பித்தான் வாங்கினேன்.

என்னுடையது 2016 மாடல் டீசல் ஹேட்ச்பேக். 2018இல் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் 5,200 ரூபாய் கொடுத்து ஃபில்டரும் 1,600 ரூபாய்க்கு கிளீனிங் கிட்டும் வாங்கினேன். மாட்டியதும் சத்தம் மாறியது உண்மை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் உள்ளே ஓர் உறுமல் கேட்கும், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பிக்கப் கூடியது போலவும் இருந்தது. ஆனால் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்கு எழுதுகிறவன் நான். லிட்டருக்கு முன்னால் 19.4 கிலோமீட்டர், பின்னால் 19.5. அவ்வளவுதான் மைலேஜ்.

இதற்குக் காரணம் உண்டு. இன்றைய கார்களில் எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று அளந்து, அதற்கேற்ப எரிபொருளை விடுவது கம்ப்யூட்டர். பெட்ரோல் கார் டிராஃபிக்கில் நகரும்போது காற்றைத் தடுப்பது பெரும்பாலும் காற்று வழியில் பாதி மூடியிருக்கும் த்ராட்டில் என்ற தகடுதான், ஃபில்டர் அல்ல. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தது. புது வகை கார்களில் மைலேஜ் மாறவில்லை, வேகம் எடுப்பதுதான் மந்தமானது. அடைத்த ஃபில்டருக்கே அப்படி என்றால், நல்ல காகித ஃபில்டரை எடுத்துவிட்டுப் பருத்தி போடுவதால் மைலேஜில் என்ன கிடைத்துவிடும்?

இப்போது 2019க்கு வருகிறேன். அந்தக் கோடையை இங்கே இருந்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்தது. ஓ.எம்.ஆர். பக்கம் ஐடி கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு லாரித் தண்ணீர்தான். அந்த நேரத்தில்தான் ஃபில்டரைக் கழுவ வேண்டிய கெடு வந்தது. ஒரே ஒரு பக்கெட் தண்ணீர், அதுவும் வீட்டுக்குள் துணி அலசிய தண்ணீரை மிச்சம் பிடித்தது. சம்ப் ஓரமாக உட்கார்ந்து கழுவினேன். அன்று மாலையே அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் என் போட்டோ: "தண்ணீரை வீணாக்குபவர்கள்". அதே குழுவில் இருக்கும் ஒருவர் தினமும் காலையில் ஹோஸ் பிடித்து இரண்டு கார் கழுவுவார், அவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாடகைக்கு இருப்பவனுக்கு ஒரு நியாயம், சொந்த வீட்டுக்காரருக்கு ஒரு நியாயம். ஆறு வருஷம் மெயின்டனன்ஸை ஒரு மாதம்கூடத் தாமதிக்காமல் கட்டியவன் நான். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கழுவிக் காய்ந்த ஃபில்டருக்குத் திரும்ப அந்தச் சிவப்பு எண்ணெயை விட வேண்டும். அந்த எரிச்சலில், மறுநாள் அவசர அவசரமாக விட்டேன். ஒவ்வொரு மடிப்பின் மேலும் ஒரு கோடு மாதிரி விட்டு, இருபது நிமிடம் ஊற விட்டு, வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் தொட்டு வைக்க வேண்டும். நான் இரண்டு பக்கமும் செக்கச் செவேல் என்று ஆகும்வரை ஊற்றினேன். பத்தே நாளில் செக் இன்ஜின் லைட் எரிந்தது, வண்டிக்கு இழுவையே இல்லை.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்தவர் ஃபில்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராக டர்போ என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, பள்ளிக்கரணையில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஃபில்டருக்கு அடுத்த குழாயில் இருக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரைக் கழற்றி, மொபைல் டார்ச் அடித்துக் காட்டினார். நகக்கண் அளவு இடத்தில் மெல்லிய கம்பி போல ஒன்று, அதன் மேல் பழுப்பாக ஒரு பூச்சு, அதில் தூசி ஒட்டியிருந்தது. "எண்ணெய் வச்ச தலையில மண்ணு ஒட்டின மாதிரி இருக்கு பாருங்க சார், இது எப்படி காத்தை அளக்கும்?" என்றார்.

அந்த உறுப்பு எப்போதும் சூடாகவே இருக்கும். உள்ளே போகும் காற்று அதைக் குளிர வைக்கும், எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துத்தான் காற்றின் அளவு தெரியும். மேலே எண்ணெய் படிந்தால் காற்று குறைவு என்று தப்பாகச் சொல்லும், கம்ப்யூட்டரும் புகை வராமல் இருக்க டீசலைக் குறைத்துவிடும். சென்சார் கிளீனர் ஸ்ப்ரே 450 ரூபாய், அண்ணனுக்குக் கூலி 300. அடித்து, காயவைத்து, மாட்டினார். வண்டி பழையபடி இழுத்தது. 750 ரூபாய் வேலைக்கு 54,000 கேட்டவர்கள் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்த எஸ்டிமேட் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்று அண்ணன் இன்னொன்றும் செய்தார். ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஃபில்டரைத் தாண்டி உள்ள குழாயின் உட்பக்கம் துடைத்தார். விபூதி மாதிரி நைசான சாம்பல் நிறத் தூசி. எம்-சாண்ட் லாரிகள் ஓடும் மேடவாக்கம் ரோட்டுத் தூசி இன்ஜினுக்குள்ளேயே போயிருந்தது. காகித ஃபில்டர் போட்ட பிறகு வருஷா வருஷம் அதே இடத்தைத் துடைத்துப் பார்க்கிறேன், துணி சுத்தமாக வருகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் கனம்தான், அங்கே மணல் துகள் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

"பத்து வருஷமா போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகலை" என்று யாராவது எழுதுவார்கள். நம்புகிறேன். என் ஒரு வண்டியை வைத்துத்தான் பேசுகிறேன், லேப் சோதனை இல்லை. எண்ணெய் அதிகம் விட்டது என் கைத் தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பல பெட்ரோல் கார்களில் இந்தச் சென்சாரே கிடையாது, காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வேறு சென்சார்தான், அவற்றுக்கு எண்ணெய்ப் பிரச்சினை வராது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் இதைப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. அதிக ஆர்பிஎம்மில் அந்தக் கூடுதல் காற்று அவர்களுக்கு வேண்டும், ஃபில்டரையும் அடிக்கடி கழற்றிப் பார்ப்பார்கள்.

காசு மிச்சம் என்பவர்களுக்கு: ஃபில்டரும் கிட்டும் சேர்த்து 6,800. என் காகித ஃபில்டர் 400. அந்தக் காசுக்கு 17 ஃபில்டர் வரும், 15,000 கிலோமீட்டருக்கு ஒன்று மாற்றினாலும் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடும். கிட் தீர்ந்தால் இன்னொன்று வாங்கும் செலவை இதில் சேர்க்கவில்லை. காகித ஃபில்டரை ஏர் அடித்துத் திரும்பப் போட விடாதீர்கள், காகிதம் கிழிந்துவிடலாம். புதுசு போட்டேன் என்று பில் போட்டுவிட்டுப் பழசையே வைப்பவர்களும் உண்டு, அதனால் ஃபில்டர் ஓரத்தில் பேனாவால் தேதி எழுதி வைத்துவிடுங்கள். இப்போது மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆர். வழியாகத்தான் உங்கள் ஆபீஸ் என்றால் 10,000 கிலோமீட்டரிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள்.

அந்தச் சிவப்பு ஃபில்டர் கழுவித் துடைத்துப் பரணில் இருக்கிறது. டிராக்கில் ஓட்டும் யாருக்காவது அந்த அளவு பொருந்தினால் சும்மாவே கொடுத்துவிடுவேன். தினமும் ஆபீஸ் போகும் காருக்குக் கேட்டால் கொடுக்க மாட்டேன்.