ஜெய்சல்மேரில் எங்கே தங்குவது?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போகிறோம். கோட்டைக்குள் ஓர் இரவு, மணல்மேட்டு டென்டில் ஓர் இரவு என்று திட்டம். அந்த ஊருக்குப் பாரமில்லாமல் போய்வர என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கோட்டையைச் சுற்றிப் பாருங்கள், உள்ளேயே சாப்பிடுங்கள், படுக்கையை மட்டும் வெளியே போட்டுக்கொள்ளுங்கள். 1156இல் எழுந்த கோட்டை அது. தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து, சொட்டுக் கணக்கில் செலவழித்த காலத்துக் கட்டுமானம். பிறகு குழாய் வந்தது, அறைக்கொரு குளியலறையோடு விடுதிகள் வந்தன. கசியும் கழிவுநீர் அடியில் இருக்கும் களிமண் பாங்கான அடுக்கில் இறங்க, அடித்தளம் இளகுகிறது. கொத்தளங்களில் சில சரிந்தே விழுந்துவிட்டன. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தும் இந்தத் தொல்லை தீர்ந்தபாடில்லை. வெளியே தங்கினால் கோட்டை முழுசாகக் கண்ணில் படும் என்பது கூடுதல் லாபம்.

டென்ட் விஷயத்திலும் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை தேறாத ஊர். அங்கே நீச்சல் குளம் வைத்திருக்கும் முகாம் வேண்டவே வேண்டாம். வாளியில் வெந்நீர் தருகிற சின்ன முகாம் போதும். குளிர்காய விறகுத் தீயும் கேட்காதீர்கள். இரவு நன்றாகக் குளிரும், கம்பளி எடுத்துப் போங்கள்.

ஜீப் சவாரியைத் தவிர்க்கலாம். வெறும் மணல்தானே என்று தோன்றும். ஆனால் மணலைப் பிடித்து நிறுத்துவது சேவண் புல். மாடுகளுக்கும் அதுதான் தீவனம். சக்கரம் ஏறினால் வேரோடு போகும். சம் என்ற ஊரின் மணல்மேடுகளை ஒட்டியே பாலைவனத் தேசியப் பூங்கா வேறு இருக்கிறது. அருகிவிட்ட கானமயில் என்ற பெரிய பறவை அங்கே வெறுந்தரையில்தான் முட்டையிடும், அதுவும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று.

ஒட்டகம்? தாராளமாக ஏறுங்கள். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க சுமார் 4 லட்சம் இருந்தவை 2019இல் இரண்டரை லட்சமாகிவிட்டன. வருமானம் இல்லையென்றால் வளர்ப்பவர் விற்றுவிடுவார். ஏறுமுன், கயிறு கட்ட மூக்கில் குத்தியிருக்கும் குச்சியைப் பாருங்கள்: சுற்றிலும் சீழோ ஈயோ இருந்தால் வேறு ஒட்டகம் கேளுங்கள். சேணத்துக்கு அடியில் புண் இருந்தாலும் அப்படியே. ஒன்றில் ஒருவர் ஏறினால் போதும்.

அப்புறம், பாட்டு. டிஜே சத்தம் இல்லாத முகாமாகப் பார்த்து, மாங்கணியார் கலைஞர்களைப் பாட அழைக்கச் சொல்லுங்கள். பரம்பரையாகப் பாடுகிறவர்கள். பணத்தை முகாம் கணக்கில் சேர்க்காமல் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.