பின் மெஷின்: தூக்கிக்கொண்டு போவதா, பட்டறையில் நிற்பதா?

பிறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நாலு பேரோடு ஏர்கோன் டக்ட் பட்டறை நடத்துகிறேன். இதுவரை பசை பின்னை வைத்தே ஓட்டிவிட்டோம். இனி வெல்டிங் பின்தான் வேண்டுமென்று கான்ட்ராக்டர் சொல்கிறார். கையடக்க மெஷின் வாங்குவதா, பட்டறையில் நிறுத்தும் பெரிய மெஷினா?"

அண்ணே, டக்டில் (ஏர்கோன் காற்று போகும் தகட்டுக் குழாயில்) குளிர் காக்கும் பஞ்சைப் பிடித்து நிறுத்தத்தானே இந்தப் பின். அந்தப் பஞ்சை எங்கே வைத்து ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

டக்டின் உள்பக்கம் பஞ்சு ஒட்டுகிற வேலை என்றால், தகட்டை மடிப்பதற்கு முன்பே, அது மேசையில் தட்டையாகக் கிடக்கும்போதே பின் அடித்துவிடலாம். பெரிய மெஷின் இதற்காகவே செய்தது. பஞ்சு ஒட்டிய தகட்டைத் தள்ளிக் காலால் பெடலை மிதித்தால் பின் தானாக இறங்கும். குனிந்து நிமிரும் வேலை இல்லை. ஆனால் அதற்கு நிரந்தர இடம் வேண்டும், பல மாடல்களுக்கு மூன்று பேஸ் கரண்டும் வேண்டும். தினமும் தகடு வரிசையில் நிற்காத பட்டறையில் அது துணி போட்டு மூடிய சாமான்தான்.

வெளிப்பக்கம் பஞ்சு சுற்றுவது வேறு கதை. டக்ட் சீலிங்கில் தொங்கிய பிறகுதான் சுற்றுகிறோம், மேசை மெஷின் ஏணி ஏறாது. 600 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டக்டுக்கு அடிப்பக்கத்தில் சுமார் 450 மில்லிமீட்டருக்கு ஒரு பின் போடுவது வழக்கம். இல்லாவிட்டால் பஞ்சு தொய்ந்து, தகட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும். நம் ஊர் ஈரக் காற்று அந்த இடைவெளிக்குள் புகுந்தால் குளிர்ந்த தகட்டில் வியர்த்து, சீலிங் போர்டில் மஞ்சள் கறையாக இறங்கும்.

நாலு பேர் பட்டறை, சைட் வேலையும் உண்டு என்றால் கையடக்க மெஷினே முதலில் வாங்குங்கள். சாதாரண 230 வோல்ட் பிளக்கில் ஓடும். உள்ளே உள்ள கெபாசிட்டர் கரண்டைச் சேர்த்து வைத்துச் சில மில்லிசெகண்டில் கொட்டிவிடுவதால் மெல்லிய ஜி.ஐ. தகடும் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) எளிதில் ஓட்டையாகாது. ஒவ்வொரு பின்னுக்கும் அது மறுபடி சார்ஜ் ஏற வேண்டும், வேகத்தில் பெரிய மெஷினோடு போட்டி போடாது. அவ்வளவுதான் குறை.

ஃபாயில் போட்ட பஞ்சின் மேலிருந்து அடிப்பதானால் பின்னின் தலையில் உள்ள தொப்பிக்கு அடியில் காகித வாஷர் உள்ளதாக வாங்குங்கள். வாஷர் இல்லாமல் தொப்பி ஃபாயிலைத் தொட்டால் கரண்ட் அந்த வழியாக ஓடிவிடும், பின் பிடிக்காது. அடித்த பிறகு தொப்பி மேல் ஃபாயில் டேப் ஒட்ட மறக்க வேண்டாம். அந்த ஓட்டை வழியாகவும் ஈரம் போகும்.

பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலை வேலை. அடித்த பின் எல்லாம் விரலால் தட்டினாலே கழன்று விழுந்தது. மெஷின் கெட்டுப்போச்சு என்று பாலம் தாண்டி இன்னொன்று கொண்டுவரச் சொன்னேன். அதிலும் அதே கதைதான். கடைசியில் பார்த்தால் மெஷினின் எர்த் கிளாம்ப் (கரண்ட் திரும்பி வர டக்டைக் கடிக்கும் கவ்வி) பெயிண்ட் அடித்த ஃபிளாஞ்சை, அதாவது டக்டின் இணைப்பு விளிம்பை, கடித்துக்கொண்டிருந்தது. பெயிண்டைச் சுரண்டிக் கடிக்க வைத்தோம், சரியாகிவிட்டது. இரண்டு லோரிச் செலவு என் தலையில். இன்னொன்று: மெல்லிய நீள ஒயரைச் சுருளோடு வைத்து ஓட்டாதீர்கள். சைட்டில் நெருப்பு வேலைக்கான பெர்மிட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பொறி பறக்கும்.

வாங்கும்போது கடையில் காட்டும் தடித்த சாம்பிள் தகட்டை நம்பாமல், உங்கள் பட்டறையின் மெல்லிய தகட்டையும் உங்கள் பின்னையும் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பிளையரால் பின்னை வளையுங்கள். பின் வளைந்தும் அடி விடாவிட்டால் நல்லது. அடியோடு சுத்தமாகக் கழன்றால் சார்ஜ் போதவில்லை, அல்லது எர்த் சரியில்லை. தகட்டில் ஓட்டை விழுந்தால் சார்ஜைக் குறைத்து மறுபடி அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.