பொங்கல் விழா நடத்துங்கள்; அதற்கு முன் தெருக் கணக்கு எடுங்கள்

கேள்வி: தாம்பரத்தை ஒட்டிய ஒரு நகரில் குடியிருக்கிறோம். நான்கு தெரு, நூற்றுச் சொச்சம் வீடுகள், பாதிக்குப் பாதி வாடகைக்காரர்கள். வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் தண்ணீர் லாரிக்காரர் எண்ணும் தவிர அதில் எதுவும் வராது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஒரு விழா நடத்தி, அப்படியே இவர்களுக்கு உதவுகிற மாதிரி ஒரு சங்கம் தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? பதிவு செய்தே ஆகவேண்டுமா? பணம் எப்படி வசூலிப்பது? செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், ஏற்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: விழாவிலிருந்து தொடங்காதீர்கள் அம்மா. விழா வைத்துப் பிறந்த சங்கங்கள் பெரும்பாலும் அடுத்த விழா வரை தூங்கிவிடும். கோலப்போட்டி முடிந்து, மியூசிக்கல் சேர் முடிந்து, குழுப் படம் எடுத்தாயிற்று என்றால் மறுநாள் காலை யாருக்கும் எந்த வேலையும் இருக்காது. மிச்சமிருப்பது பந்தல்காரர் பாக்கியும், கோலப்போட்டியில் இரண்டாம் பரிசு ஏன் அந்த வீட்டுக்குப் போனது என்ற மனத்தாங்கலும்தான். (போட்டி வைத்தால் நடுவரைப் பக்கத்து நகரிலிருந்து கூட்டி வாருங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.)

முதல் வேலை, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது. கூகுள் ஃபார்ம் வேண்டாம். நீங்கள் தேடுகிற பெரியவர்கள் அதைத் திறக்கமாட்டார்கள். கோடு போட்ட ஒரு நீள நோட்டு போதும். தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல், அல்லது மாலை விளக்கு வைப்பதற்கு முன் போங்கள். ‘சொந்த வீடா, வாடகையா’ என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதித் தெருவை வெளியே நிறுத்திவிடுவீர்கள். கதவு எண், தரைத்தளமா மாடியா, எத்தனை பேர், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, மாடிப்படி ஏற முடியாதவர் வீட்டில் உண்டா, இவ்வளவு போதும். அவசர எண் எழுதும்போது, அந்த ஆள் ஒரு மணி நேரத்தில் நேரில் வந்து நிற்கக்கூடியவரா என்று பாருங்கள். அமெரிக்காவில் இருக்கும் மகன் எண்ணோடு, குரோம்பேட்டையில் இருக்கும் தங்கை மகன் எண்ணும் வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி: ‘உங்களுக்கு என்ன வேலை நன்றாக வரும்?’ ‘தன்னார்வலராகச் சேருகிறீர்களா’ என்று கேட்டால் எல்லாரும் ‘பார்க்கலாம்’ என்பார்கள். ‘மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை இரண்டு மணி நேரம், படிவம் நிரப்பித் தருவீர்களா’ என்று கேட்டால், ஓய்வுபெற்ற வங்கிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். வேலை சின்னதாகவும், நாளும் நேரமும் குறித்ததாகவும் இருந்தால் ஆள் வரும். உதவி பெறுபவர் என்று நீங்கள் குறித்து வைத்திருக்கும் பெரியவர்களில் பாதிப் பேர் உதவி செய்யவும் தயாராக இருப்பார்கள், அவர்களையும் இந்தக் கேள்வியிலிருந்து விட்டுவிடாதீர்கள். இளைஞர் கை வேண்டுமென்றால் பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பாருங்கள். அந்த மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும். உங்கள் பக்கத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை.

அந்த நோட்டு யார் கையில் இருக்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ‘இந்த வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார், அடிக்கடி விசாரியுங்கள்’ என்று நல்ல எண்ணத்தில் வாட்ஸ்அப்பில் போடுவது, திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பது. வாடகைக்காரர் மாறினாலும் குழுவிலிருந்து எண் போகாது, யார் யார் படிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாது. அந்த விவரம் போகவேண்டிய இடம் காவல் நிலையம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன்கீழ் 2009இல் தமிழ்நாடு அரசு வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் வசிக்கும் மூத்த குடிமக்களின், குறிப்பாகத் தனியாக இருப்பவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். அவர்களை அவ்வப்போது போய்ப் பார்க்கவும் வேண்டும். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு நீங்களே பட்டியலை எடுத்துக்கொண்டு போனால், பெரும்பாலும் ஆய்வாளர் மறுக்கமாட்டார். அவர் வேலையில் பாதி முடிந்துவிடுகிறதே.

இப்போது உதவிக்கு வருவோம். புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. சேவைகள் ஏற்கெனவே இருக்கின்றன. இருப்பது தெரியாது, தெரிந்தாலும் கூடப் போக ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் உங்களுக்கு வேலை. 14567 என்ற மூத்தோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை, ஓய்வூதியச் சந்தேகத்திலிருந்து வீட்டுக்குள் நடக்கும் கொடுமை வரை எல்லாவற்றுக்கும் வழி சொல்லும். இணைய மோசடியில் பணம் போனால் 1930; அழைப்பது எவ்வளவு சீக்கிரமோ, பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். நடுநிசியில் பயமும் மனச்சோர்வும் வாட்டினால் 14416. இந்த எண்களை 108உடன் சேர்த்துப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்து, ஒவ்வொரு பெரியவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் நீங்களே ஒட்டிவிட்டு வாருங்கள். கையில் கொடுத்தால் அது காலண்டர் பின்னால் போய்விடும். ஒரு விஷயம்: 1913 பெருநகரச் சென்னை மாநகராட்சியின் புகார் எண். தாம்பரம் 2021 நவம்பரிலிருந்து தனி மாநகராட்சி, ஐந்து மண்டலம், எழுபது வார்டு. உங்கள் தெருவிளக்குப் புகார் சென்னைக்குப் போய்ப் பயனில்லை. மண்டல அலுவலக எண்ணையும் வார்டு உறுப்பினர் எண்ணையும் அந்தத் தாளிலேயே சேருங்கள்.

மருந்து விஷயத்தில் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின்கீழ் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. நடுத்தர வர்க்கத்துப் பெரியவர்கள் ‘அது நமக்கில்லை’ என்று தாங்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

முதல் கூட்டு வேலைக்கு நான் சிபாரிசு செய்வது ஆயுள் சான்றிதழ் நாள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொருமுறை உயிரோடிருப்பதை நிரூபித்தாக வேண்டும். அதற்காக ஆட்டோ பிடித்துப் போய் வரிசையில் நிற்கிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். தபால்காரரே கைரேகைக் கருவியோடு வீட்டுக்கு வந்து, 70 ரூபாய் கட்டணத்தில் மின்னணுச் சான்றிதழ் எடுத்துத் தரும் சேவை இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் இருக்கிறது. அஞ்சலகத்தில் பேசி ஒரு நாள் முடிவு செய்து, யாராவது ஒருவர் வீட்டு வராந்தாவில் மேசை போட்டுவிட்டால் ஒரு காலைப் பொழுதில் வேலை முடியும். ஆதார் அட்டை, ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி, இவற்றை எடுத்து வரச் சொல்லி முந்தின நாள் ஒவ்வொருவரையும் போனில் நினைவூட்டுங்கள். தேய்ந்துபோன விரல்ரேகை கருவியில் விழாது. கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தால் பல நேரம் விழுந்துவிடும். அன்றைக்கு ஒரு ஃபிளாஸ்க் காபி வைத்தீர்களென்றால் உங்கள் முதல் சமூக நிகழ்ச்சி அதுதான். மேடையும் மைக்கும் தேவைப்படாத நிகழ்ச்சி.

உங்கள் பக்கத்துக்கு இன்னொரு வேலை தள்ளிப்போட முடியாதது: மழை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் பிறப்பதற்குள் நோட்டைத் திறந்து, தரைத்தளத்தில் இருந்து மாடி ஏற முடியாதவர் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு மாடி வீட்டின் பெயரை எழுதுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்கித்தான் எழுத வேண்டும். யார் தூக்கிக்கொண்டு போவது, ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர் வீட்டில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதெல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்று யோசிக்கிற விஷயமல்ல.

பதிவு பற்றிக் கேட்டீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி, இருபது உறுப்பினருக்குக் குறையாமல் சேர்ந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ பத்தாயிரம் ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். பந்தல், நாற்காலி, சாப்பாடு என்று ஒரு விழா வைத்தாலே பத்தாயிரம் தாண்டிவிடும். ஆகவே பதிவு செய்துவிடுவதே நல்லது. குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். சங்க நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி உங்கள் பகுதிக்கான மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தர வேண்டும். செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, மூன்றாண்டுக்கு மேல் தேர்தலில்லாமல் இருக்கவும் முடியாது. பதிவு செய்வது எளிது. அதன்பின் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்வதில்தான் சங்கங்கள் கோட்டைவிடுகின்றன. அந்த வேலைக்கு ஆள் கிடைத்த பிறகு பதிவு செய்யுங்கள்.

துணை விதியில் ‘உறுப்பினர்’ என்ற இடத்தில் ‘வீட்டு உரிமையாளர்’ என்று போடாமல் ‘குடியிருப்பவர்’ என்று போடுங்கள். பாதிப் பேர் வாடகைக்காரர்கள் என்கிறீர்கள். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் ஓடிவரப் போகிறவர் அங்கே குடியிருப்பவர், அண்ணா நகரில் இருக்கும் உரிமையாளர் அல்ல.

பணத்தை யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும். பதிவுச் சான்றிதழ் வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் எண் வாங்கி, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வகையில் வங்கிக் கணக்கு தொடங்கலாம். மாதச் சந்தாவைக் குறைவாக வையுங்கள். கொடுக்க முடியாதவரை நச்சரிக்காதீர்கள். மாதக் கடைசியில் வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதிப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். வாழைப்பழம் வாங்கிய நாற்பது ரூபாயும் அதில் இருக்கட்டும். தெருமுனைக் கோயில் வசூலை இதில் கலக்கவே கூடாது. இரண்டும் ஒரே ஆட்கள் நடத்துவதாகவே இருந்தாலும் கணக்கும் ரசீதுப் புத்தகமும் தனித்தனி. மாற்று மதத்துக் குடும்பங்கள் ஒதுங்கிப்போவது அநேகமாக இந்த இடத்தில்தான்.

இனி பொங்கல். தெருவை மறித்துப் பந்தல் போடுவதென்றால் காவல் நிலையத்திலும் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள்; ஆம்புலன்ஸ் போகிற அளவு வழி விட்டாக வேண்டும். ஒலிபெருக்கிக்கும் முன் அனுமதி தேவை. இரவு 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். மின்சாரத்துக்குத் தெருக் கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக் கேளுங்கள். ஃபிளெக்ஸ் பேனர் வேண்டவே வேண்டாம். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனதை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கவுன்சிலரைக் கூப்பிடலாம், கட்சிக் கொடி மட்டும் வேண்டாம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். நுழைவாயிலில் ஒரு மேசை போட்டு, நோட்டுப் பொறுப்பாளர் அந்த நோட்டோடு உட்காரட்டும்: கணக்கெடுப்பின்போது கதவு பூட்டியிருந்த வீட்டுக்காரர்கள் சர்க்கரைப் பொங்கலுக்கு நிச்சயம் வருவார்கள். வர முடியாத பெரியவர் வீட்டுக்குத் தொன்னையில் பொங்கலைச் சிறுவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள், பின்னால் ஒரு பெரியவர் துணையோடு.

செயலாளர் பொறுப்பை ஏற்கலாம், மூன்று நிபந்தனையோடு. பொருளாளர் உங்கள் வீட்டாராகவோ நெருங்கிய தோழியாகவோ இருக்கக் கூடாது. பதவிக்காலம் ஓராண்டு என்று துணை விதியிலேயே எழுத வேண்டும். இணைச் செயலாளர் ஒருவர் முதல் நாளிலிருந்தே எல்லா அலுவலகத்துக்கும் உங்களோடு வர வேண்டும். அவர் வாடகை வீட்டில் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. இந்த மூன்றுக்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால் நோட்டுப் பொறுப்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.