துபாய்ல கிட்னி கல்லு வந்தா ஊருக்கு ஓடணுமா?

தம்பி, வந்து நாலு மாசம்தான் ஆகுது, ஸ்கேன்ல 4 மிமீ கல்லுன்னுட்டாங்க, டிக்கெட் போட்டு ஊருக்கு போயிடவா, இல்ல லீவு முடிஞ்சு வர்ற ரூம்மேட்கிட்ட ட்ரமடால்ங்கிற வலி மாத்திரை குடுத்துவிட சொல்லவான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேணாம். ரெண்டாவது வேணவே வேணாம். அந்த மாத்திரை இங்க கட்டுப்பாட்டு லிஸ்ட்ல இருக்கு, முன்அனுமதி இல்லாம பையில இருந்தா கேஸ் ஆயிடும், வலி உங்களுக்கு, ஜெயில் அவனுக்கா?

எனக்கு வந்தது மூணாவது வருஷம் ஆகஸ்ட்ல. சைட்ல டாய்லெட் ரொம்ப தூரம்னு தண்ணியே குடிக்காம ஓட்டுனவன் நான், மத்தியானம் 12.30லருந்து 3 வரைக்கும் பிரேக் விட்டாலும் மீதி நேரம் வேர்த்தே எல்லாம் போயிடும், ஒண்ணுக்கு போறதே நாளைக்கு ரெண்டு தடவை, அதுவும் கட்டன் சாயா கலர்ல. ஒரு ராத்திரி விலாவுக்கு பின்னாடி ஆரம்பிச்சு அடிவயித்துக்கு இறங்குச்சு பாருங்க, உக்காந்தாலும் வலி படுத்தாலும் வலி, வயித்துல வாயுன்னு நெனச்சு சோடா வேற குடிச்சு வாந்தி எடுத்தேன். பக்கத்து பெட் சேட்டன்தான் டாக்ஸி புடிச்சு கூட்டிட்டு போனார். டைக்ளோபெனாக்னு வலி ஊசி போட்ட அரைமணில மனுசனானேன்.

அப்புறம் கல்லு இறங்க வழி விடுற டாம்சுலோசின் மாத்திரை குடுத்தாங்க, சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தும், பாத்துக்கோங்க. ஒண்ணுக்க டீ வடிகட்டியில புடிச்சுப் பாக்க சொன்னாங்க, (புதுசா ஒண்ணு வாங்குங்க, ரூம்ல அடி விழும்) பதினோராவது நாள் கல்லு விழுந்துச்சு, மல்லி விதை சைஸுதான், இதுக்கா இந்த ஆட்டம்னு கோவமே வந்துச்சு. டெஸ்ட் பண்ணதுல கால்சியம் ஆக்சலேட். உடனே பாலை நிறுத்திட்டேன், டாக்டர் திட்டுனார், கால்சியத்தை குறைச்சா ஆக்சலேட் கூடுதலா ஏறுமாம், குறைக்க வேண்டியது உப்பு, ஊறுகாய், கருவாடு. அம்மா போன்ல தினமும் வாழைத்தண்டு வாழைத்தண்டுன்னாங்க, இங்க கராமா ஏரியா கடையில வாங்கி ஜூஸ் போட்டேன், அது கரைச்சுதா தண்ணியா தள்ளுச்சான்னு கேட்டா என் ஓட்டு தண்ணிக்குத்தான்.

5 மிமீக்கு கீழன்னா பெரும்பாலும் தானா வந்துரும். ஆனா குளிர் ஜுரம் வந்தாலோ ஒண்ணுக்கு அடைச்சாலோ விடியட்டும்னு படுத்திருக்காதீங்க, 998க்கு போன் போட்டா ஆம்புலன்ஸ் வரும். ஃப்ளைட்ல நாலு மணி நேரம் அந்த வலியோட மாட்டிக்கிட்டா ஊசி போட யாரு இருக்கா சொல்லுங்க. முதல்ல இன்சூரன்ஸ் கார்டை எடுத்து எந்த நெட்வொர்க், அதாவது எந்தெந்த ஆஸ்பத்திரியில செல்லும், கையிலருந்து எத்தனை சதவீதம் கட்டணும்னு பாத்து வைங்க, எனக்கு சிடி ஸ்கேன் அப்ரூவலுக்கே மூணு நாள் இழுத்துட்டாங்க.