காரைக்குடி வளவு வீட்டில் கால் பங்கு: அண்ணன் விற்கிறார், தம்பி தடுக்கிறார்

வளவு (நடுமுற்றம்) உள்ள இந்தச் செட்டிநாட்டு வீட்டில் அண்ணனின் கால் பங்கை வாங்க நினைக்கிறீர்கள், தம்பி தடுக்கிறார் என்றால், இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்து வீடு நான்கு பிள்ளைகளுக்கு வந்திருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 22ஆம் பிரிவின்படி அண்ணன் விற்கும் பங்கை வாங்க மற்ற மூவருக்கும் முன்னுரிமை உண்டு. விலை படியாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

பெரும்பாலும் விலையை எழுத்தில் சொல்லாததுதான் சண்டைக்குக் காரணம். தொகையைக் குறிப்பிட்டு மூவருக்கும் ஒப்புகையுடன் தபால் அனுப்பும்படி அண்ணனிடம் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்று போதாது. பதிவாகாத உயில் அதில் வராது. வாரிசுச் சான்றிதழில் கட்டிக்கொடுத்த பெண்களும் இருக்கிறார்களா என்று எண்ணுங்கள். மூவரும் கிரயப் பத்திரத்திலேயே சம்மதித்துக் கையெழுத்திடுவதே பாதுகாப்பு. அவர்களில் யாராவது மலேசியாவில் இருந்தால், அவருக்காக இங்கே கையெழுத்திடுபவரின் பவர் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும்.

வாங்கினாலும் முகப்பிலோ (முன்பகுதி) இரண்டாம் கட்டிலோ (வளவுக்குப் பின்னுள்ள பகுதி) குடியேற முடியாது. பிரிக்காத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாருக்கு அவர்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை (கூட்டு அனுபோகம்) இல்லை (1882 சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 44). நீங்கள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893 பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவின் கீழ் அவர்களே உங்கள் பங்கை நீதிமன்ற மதிப்பில் கேட்டு வாங்கலாம்.

தாத்தா காலத்துக் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் மேலே சொன்ன 22ஆம் பிரிவு அப்படியே பொருந்தாது. மூலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.